போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று

“நான்தான் ஓட்டினேன்னு சொல்றேன்ல அண்ணே. பின்ன என்ன வேணும் உங்களுக்கு?”

“பொய் சொல்லாத தங்கவேலு. அன்னைக்கு உன் கால்ல மாவுக்கட்டு. நானே வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனேன். நெத்தியில விபூதியோட நீயும் ஆமென் சொன்ன.”

ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் அந்தத் தெருவுக்குக் காலையில் கரண்ட் போனதும் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் இரைய ஆரம்பிக்கும். அன்றைக்கு ஒரு வீட்டிலும் போடவில்லை. அந்த இரைச்சலில் சண்டை கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது? தங்கவேலுவின் பலசரக்குக் கடை வாசலில் அரை வீசை பருப்பு வாங்க வந்தவர்கள், வாங்கி முடித்தும் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர் மாடியில் முகத்துக்குத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டிருந்த பர்மாக்காரப் பெண் ஒரு கன்னத்தோடு நிறுத்திவிட்டாள். தமிழ் புரியாதுதான். ஆனாலும், பர்மாக்காரர்கள் மரியாதைக்கு ‘ஊ’ சேர்த்துக் கூப்பிடுகிற ஆபிரகாம் நடுத்தெருவில் கத்துகிறார் என்பது புரிய மொழி எதற்கு?

ஆபிரகாம் கத்துகிறவர் இல்லை. ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வலது காதோரம் மிச்சமிருந்த முடியை நீளமாக வளர்த்து, எண்ணெய் வைத்து, வழுக்கையின் குறுக்கே இடது காதுவரை கொண்டுபோய்ப் படியவைத்திருப்பார். காரில் அவ்வளவு மெதுவாகப் போவதே அந்த முடி கலையாமல் இருக்கத்தான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. ரங்கூனில் பாதிக் கார்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். ஓடுவதும் ரோட்டின் வலப்பக்கம்தான். முன்னால் ஒரு பஸ் போனால் ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய மனைவி தெரேசா இருபது வருஷமாக அந்தப் பக்கம் உட்கார்ந்து “போலாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனதில்லை. “நல்லாப் பாத்தியா?” என்பார். அவள் மறுபடி பார்ப்பதற்குள் எதிரே ஏதாவது வந்துவிடும். பஸ்ஸுக்குப் பின்னாலேயே, அது நிற்கிற இடத்திலெல்லாம் நின்று, புகையைக் குடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள்.

இப்படி ஓட்டினதற்கு ஒரு பலன் இருந்தது. வருஷா வருஷம் அவருடைய கார் இன்ஷூரன்ஸுக்கு முழு போனஸ் கிடைக்கும். கிளெய்ம் இல்லை, குற்றம் இல்லை, பிரீமியத்தில் தள்ளுபடி. புதுப்பித்துவிட்டு வருகிற அன்று நேரே வீட்டுக்குப் போகமாட்டார். முனையிலுள்ள டீக்கடையில் உட்கார்ந்து, “இது பணத்துக்காக இல்ல. ஒரு மனுசன் எப்பிடின்னு கம்பெனிக்காரன் குடுக்குற மார்க்கு” என்பார். மார்க் குறைவாக வாங்கினவர்கள் டீயை ஊதிக் குடிப்பார்கள்.

அந்த மார்க்குதான் போய்விட்டது. முந்தின நாள் புதுப்பிக்கப் போனபோது தள்ளுபடி கிடையாது என்றதோடு, கூடுதலாகவும் கட்டச் சொன்னார்கள். அவர் பேரில் இரண்டு அதிவேகக் குற்றம். மிங்கலாடோன் விமானநிலையம் போகிற ரோட்டில், ஒரே ஞாயிற்றுக்கிழமை. வண்டி அவருடைய பழைய வெள்ளை ப்ரோபாக்ஸ்.

அந்த வண்டியை அவர் தங்கவேலுவுக்கு விற்று, தனக்கு வேறு கார் வாங்கி இரண்டு வருஷமாகிறது. ஆனால் இந்த ஊரில் வண்டி விற்பதென்றால் சாவி கை மாறும், பணம் கை மாறும், பேர் மாறாது. ஓனர்புக்கில் பேர் மாற்றப்போனால் வரி, அலைச்சல். “எதுக்குப்பா வீண் செலவு, என் பேர்லயே கெடக்கட்டும்” என்று சொன்னவர் ஆபிரகாமேதான். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. “என் பேர்ல ஓடுற வண்டிய ஒரு போலீஸ்காரன் கை காட்டமாட்டான்.”

கை காட்டவில்லை. கேமரா படம் பிடித்துவிட்டது.

“உன் பொண்டாட்டிக்கு சைக்கிளே வராது,” என்றார் ஆபிரகாம். “பின்ன உங்க வீட்டுல வண்டி ஓட்டுறது யாரு?”

தங்கவேலு தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார். “அண்ணே, உள்ள வாங்க. உக்காந்து பேசுவோம். கூடுதலாக் கட்டுறத நான் கட்டிடுறேன்.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மரியாதையான மனுஷன் நிறுத்தியிருப்பான். ஆனால் ஆபிரகாமுக்கு ராத்திரி பூரா அந்தத் தேதி நெஞ்சில் முள்ளாக நின்றது. அது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய மகன் நெல்சன் பினாங்குக்கு விமானம் ஏறின நாள். தான் இருந்த ஆபீஸிலேயே வேலைக்குச் சொல்லிவைத்திருந்ததை உதறிவிட்டு ஹோட்டல் சமையலறைக்குப் போகிறானே என்று, “ஏர்போர்ட்டுக்கு நானும் வரமாட்டேன், உங்கம்மாவும் வரமாட்டா” என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போன நாள். அந்த நாளில் தங்கவேலு வீட்டு வண்டி ஏன் அந்த ரோட்டில் பறந்தது? யார் யாரைப் பார்க்க?

“எம்பையன் போற அன்னைக்கு உம்பொண்ணு எதுக்கு ஏர்போர்ட்டுக்கு அறுபது மைல்ல பறந்தா?”

பருப்புப் பைகள் அசையவில்லை. தங்கவேலுவின் மகள் மஞ்சுளாவுக்கு, ஊரின் வடக்கே இன்சீனில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தது தெருவுக்குத் தெரியும். பையன் வீட்டுக்குத் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி மூன்றாவது வீட்டில் குடியிருந்தாள். கையில் பையோடு அங்கேயே நின்றாள். அவள் இருப்பது தெரிந்துதான் ஆபிரகாம் அப்படிக் கேட்டாரா என்று பிற்பாடு தெருவில் இரண்டு கட்சியானது. தெரிந்து கேட்கவில்லை. கோபத்தில் அவருக்குத் தங்கவேலுவின் தராசைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கடைக்குள்ளிருந்து தங்கவேலுவின் மனைவி அம்சவேணி வந்தாள். வாயைத் திறந்தாள். தங்கவேலு அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

எதிர் வீட்டுக் கேட் கிறீச்சிட்டது. தெரேசா வந்தாள். பாத்திரம் கழுவின கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தவள், கணவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றாள். அவளும் கத்துகிறவள் இல்லை.

“மஞ்சுளா இல்ல. அவ அன்னைக்கு வேலைக்குப் போயிட்டா. வண்டி ஓட்டினது நான்.”

“நீயா?”

“நான்தான். ரெண்டு தடவையும். போகும்போது புள்ளயப் பாக்க. வரும்போது உங்களுக்கு டீ போட.”

இதற்குமேல் அடக்க முடியாமல் அம்சவேணி சொன்னாள். “நான் எடப்பக்கம் உக்காந்திருந்தேன், அண்ணே. கண்ணையே தொறக்கல. போலாம் போலாம்னு சொல்லிக்கிட்டே போனேன்.”

யாரோ சிரித்துவிட்டார்கள். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக வந்தது. ஆபிரகாம் திரும்பி யார் என்று பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பில் ஆச்சரியம் இல்லை என்பதுதான் அவருக்கு உறைத்தது. நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் புதுச் செய்தி கேட்ட களை இல்லை. மாடிப் பெண் மறு கன்னத்துக்குத் தனாக்கா பூச ஆரம்பித்திருந்தாள். அவளுக்குக்கூடத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மூன்று மாதம், அவர் காலை நடைக்குப் போன நேரமெல்லாம் மஞ்சுளா தெரேசாவுக்குச் சந்தைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ப்ரோபாக்ஸ் ஓட்டக் கற்றுக்கொடுத்ததையும், லைசென்ஸ் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனதையும் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. எத்தனையோ வாய் நிறைந்த தெரு. இந்த ஒரு விஷயத்தில் ஏன் அத்தனை வாயும் பூட்டிக்கொண்டது என்று அவர் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

வலது கை தானாகப் போய்த் தலைமுடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார்.

தெரேசா ஒன்றும் நடக்காததுபோல மத்தியானத்துக்கு மீன் கழுவினாள். ஆபிரகாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாயந்திரம் டீ வந்தது. ஆவி பறக்கிற டீ. அந்த ஞாயிற்றுக்கிழமையும் டீ இப்படித்தான் சுடச்சுட வந்தது. பூசை முடிந்து சர்ச் கமிட்டியும் முடிந்து வீட்டுக்கு வந்து, ‘சொன்னபடி வீட்டிலேயே இருந்தாளே’ என்று மனசுக்குள் ஒரு திருப்தியோடு குடித்தது நினைவு வந்தது. அவள் நெற்றியில் வேர்வை இருந்தது. தலைவலியா என்று கேட்டார். அடுப்படி வேக்காடு என்றாள். அவரும் நம்பி, இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடு என்றார்.

இன்றைக்கு அவர் சர்க்கரை கேட்கவில்லை.

“புள்ளயப் பாத்தியா?” என்று கேட்டார்.

“கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போயிட்டான். பாஸ்போர்ட்டக் காட்டிக்கிட்டு நின்னான். கைய ஆட்டினேன்.”

“பாத்தானா?”

“பாத்தான்.” அடுப்படிப் பக்கம் திரும்பினவள், “உங்களத்தான் தேடினான்,” என்றாள்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனார். அவர் இருந்த நாற்காலியில் இப்போது மாஹிர் இருந்தான். அவரிடம் வேலை பழகினவன். இன்னும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவான். எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

“ஈஸிதான் சார். வண்டி வித்தாச்சு, ஓட்டினது வேற ஆளுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வாங்கினவரு பேரு, கையெழுத்து. ரெண்டு கேஸும் உங்க கணக்கிலிருந்து எடுத்துடலாம். உங்க போனஸ் அப்பிடியே நிக்கும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாததா? இப்படி எத்தனை பேரை எழுதச் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டி ஓட்டினாள், மச்சான் ஓட்டினான் என்று வந்து நின்றவர்களை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “வீட்டுல யாரு என்ன செய்றான்னு தெரியாமயா இருந்தீங்க?” என்று கேட்டிருக்கிறார். பத்துப்பேர் இருக்கிற ஹாலில், சத்தமாக. அவர்களில் ஒருத்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனது இன்னும் கண்ணில் இருந்தது.

“வேண்டாம் மாஹிர்.”

“சார்?”

“வேற ஆளு இல்ல. வீட்டு ஆளுதான் ஓட்டுச்சு. எம்பேர்லயே இருக்கட்டும். கூடுதலாப் போட்டுக்க.”

மாஹிர் அவரையே பார்த்தான். மேலே கேட்காமல் தட்டச்சு செய்தான். அவன் கேட்காமல் விட்டது அவருக்கு, கேட்டதைவிடக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷம் தான் எவ்வளவு கேட்டோம் என்று தெரிந்தது. அன்று டீக்கடைக்குப் போகவில்லை.

ஆனால் முள் அதோடு போகவில்லை. இன்சீன்காரர்களிடமிருந்து பேச்சு நின்றுபோனது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், நிச்சயத்துக்கு நாள் சொல்கிறோம் என்றவர்கள், சொல்லவில்லை. தங்கவேலு போன் செய்தால், “இப்ப கொஞ்சம் வேலையா இருக்கோம்” என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரி பாதிக் கதையை மட்டும் இன்சீனுக்குக் கொண்டுபோனாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதிக் கதைக்குத்தானே கால் வேகம் அதிகம். தங்கவேலு தெருவில் ஆபிரகாமைப் பார்த்தால் முன்னைப்போலவே “அண்ணே” என்றார். மஞ்சுளா அவரை “ஊலே” என்று பர்மாக்காரப் பிள்ளைகள் மாமாவைக் கூப்பிடுகிறமாதிரிக் கூப்பிட்டுப் பழகினவள். அவள் மட்டும் இப்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள். செய்யாத தப்புக்கு அந்தப் பெண் குனிந்துபோவதைப் பார்த்த மூன்றாவது நாள் ஆபிரகாம் வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

காரை எடுக்கவில்லை. ஊரைச் சுற்றி வருகிற சர்க்குலர் ரயிலில் போனார். எதிர் சீட்டில் கீரைக்கட்டோடு ஒரு கிழவி தூங்கினாள். ஜன்னல் காற்று முடியைக் கிளப்பப் பார்த்தது. இன்சீன் வரைக்கும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனார்.

பையனின் அப்பா ரெங்கசாமி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். பெரிய கைகள். வந்தவர் யார் என்று தெரிந்ததும் முகம் இறுகியது. உட்காரச் சொன்னார். தண்ணீர் வந்தது. ஆபிரகாம் உட்காரவில்லை.

“அன்னைக்கு நான் தெருவுல சொன்னது பொய்,” என்றார். ரயிலில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் வேறு. “அந்தப் பொண்ணு அந்த வண்டியிலயே இல்ல. ஓட்டினது என் சம்சாரம். எம்பையன் வெளிநாடு போனான். நான் போகக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். எனக்குத் தெரியாம போயிட்டு வந்தா. எனக்கு அவ ஓட்டுவான்னே தெரியாது. தெரு முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியாது.”

உள் அறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்த வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

“இத ஒரு போன்ல சொல்லியிருக்கலாமே,” என்றார் ரெங்கசாமி.

“போன்ல சொன்னா நீங்க எம்மூஞ்சியப் பாக்கமாட்டீங்களே.”

ரெங்கசாமி அதைப் பார்த்தார். பார்த்து முடித்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப்போட்டார். கொஞ்ச நேரம் மழை, விலைவாசி என்று பேச்சு எங்கோ போனது. ஆனால் ஆயுசெல்லாம் இயந்திரத்தோடு கிடந்த மனுஷன். ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“பழைய ப்ரோபாக்ஸ்தான? எத்தன மைல்ல போச்சாம்?”

“போகும்போது அம்பத்தெட்டு,” என்றார் ஆபிரகாம். “வரும்போது அறுபத்தி ரெண்டு.”

“போகும்போது சரி, பிளேன் போயிடும்னு ஒரு பயம். வரும்போது எதுக்கு அதவிட வேகம்?”

கேட்டதில் கள்ளம் இல்லை. கணக்கு இடித்தது, கேட்டார். ஆபிரகாம் அந்த இரண்டு எண்களையும் எத்தனையோ தடவை பார்த்துவிட்டார். ஆபீஸில், வீட்டில், ரயிலில். எது பெரிது என்று பார்க்கவில்லை. வாயைத் திறந்தார். பதில் தெரிந்தது. டீ போடணும். அவ்வளவுதான் பதில். பிளேனைத் தவறவிடுகிற பயத்தைவிட நாலு மைல் அதிகமான பயம். அதை அந்த வீட்டில், அந்தத் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவரால் சொல்ல முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். ரெங்கசாமியும் ஏதோ புரிந்ததுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்ததும் நிச்சயம், தை மாதம் கல்யாணம். மஞ்சுளா இன்சீனுக்குப் போனாள். ஒரு வருஷத்துக்குள் தங்கவேலு கடையை ஒரு பர்மாக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அம்சவேணியோடு பெண் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிபோனார். கேட்டால் பேரன் வரப்போகிறான் என்றார், இன்னும் வரவில்லை. மூன்றாவது வீட்டுக்காரி மாத்திரம் எங்கேயும் போகவில்லை. ப்ரோபாக்ஸும் இன்சீனில்தான் ஓடுகிறது. ஓனர்புக்கில் இன்னமும் ஆபிரகாம் பேர்தான். மாற்றிவிடலாமா அண்ணே என்று தங்கவேலு கேட்டதற்கு, “கெடக்கட்டும்” என்றாராம். பழைய மாதிரி சத்தமாக இல்லையாம்.

நெல்சனுக்கும் கல்யாணம் கூடியது. பினாங்கில், கூட வேலை பார்க்கிற பெர்சிஸ் என்கிற பெண். அழைப்பு போனில் வந்தது. அப்பாவிடம் கொடு என்று மகன் சொன்னானா, அவராகவே போனைக் கையில் வாங்கினாரா என்பதில் தெருவில் இன்றைக்கும் ஒத்த கருத்து இல்லை. பேசினது ஒரு நிமிஷம்கூட இருக்காது. எல்லாம் சாப்பாட்டைப் பற்றி.

பினாங்குக்குப் புறப்பட்ட அன்று காலையில், ஆபிரகாமின் காரை ஏர்போர்ட்டிலிருந்து திரும்பக் கொண்டுவருவதற்காக மஞ்சுளா இன்சீனிலிருந்து வந்திருந்தாள். பெட்டிகளுக்கு நடுவே பின் சீட்டில் உட்கார்ந்து, “ஊலே, பாஸ்போர்ட் எடுத்தீங்களா?” என்று கேட்டாள். ஆபிரகாம் வழக்கம்போல ஸ்டியரிங் பக்கக் கதவருகே வந்து நின்றார். பிறகு சாவியைத் தெரேசாவின் கையில் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனார். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

மிங்கலாடோன் ரோட்டில் முன்னால் ஒரு பஸ். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, புகை விட்டு, நகர்ந்தது. தெரேசா அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கை ஸ்டியரிங்கின்மேல் இறுகியிருப்பதை அவர் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார். தலையை முழுசாக வெளியே நீட்டினார். எதிரே ரோடு வெகுதூரம்வரை காலியாகக் கிடந்தது. அதன் கடைசியில் கம்பத்தின்மேல் கேமரா, தலை குனிந்த கொக்குமாதிரி.

இருபது வருஷமாக வலது காதிலிருந்து இடது காதுவரை படிந்துகிடந்த முடி காற்றில் மொத்தமாக எழும்பி நின்றது. பின் சீட்டில் மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அதைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, எதிரே வருகிறதா என்று மறுபடியும் ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

“போலாம்,” என்றார்.